விளையாட்டுக் களமும் முதுகெலும்பும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கலந்துகொண்ட பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிராம முன்னேற்றம் என்றவுடன் சாலை, குடிநீர், பள்ளிக்கூடம், பாசனம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றைப் பற்றி எடுத்துரைக்க அறிஞர் பலர் இம்முகாமுக்கு வந்துள்ளனர். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிறியதாகத் தோன்றலாம். நம் ஊர்ப் பொதுவிடங்களில் இளைஞர்கள் ஆடுகின்ற சடுகுடு ஆட்டத்தைப் பற்றியும், அதில் எப்போதேனும் ஒருமுறை நேர்ந்துவிடுகின்ற ஒரு பெருந்தீங்கைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

சடுகுடு நம் மண்ணின் ஆட்டம். மட்டையோ வலையோ வேண்டாம். அரைக் காணி வெற்றிடமும் மூச்சும் இருந்தால் போதும். இன்று அது கபடி என்னும் பெயரால் உலகம் அறிந்த ஆட்டமாகிவிட்டது. 1990ஆம் ஆண்டு பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் பதக்கத்துக்குரிய ஆட்டமாக இடம் பெற்றது. உழுது களைத்த உடம்புக்கு உற்சாகம் தருவதும், வேறுபட்ட தெருக்களை ஒரே அணியில் சேர்ப்பதும் இவ்வாட்டத்தின் நன்மைகள். ஆகவே, ஆட்டத்தை நிறுத்துங்கள் என்று சொல்ல நாம் இங்கு வரவில்லை. ஆட்டம் தொடர வேண்டும். ஆடியவர் தம் காலால் நடந்து வீடு சேர வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் பொங்கல் விழாவையொட்டிச் சடுகுடுப் போட்டி நடைபெற்றது. நாமும் விருந்தினராகச் சென்றிருந்தோம். இறுதி ஆட்டத்தில் எதிரணியிலிருந்து பாடி வந்தவர் கோட்டைத் தொடுவதற்காகத் திரும்பினார். பிடிக்கும் அணியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், வயது இருபதுக்குள்தான் இருக்கும், தலையைத் தாழ்த்திக்கொண்டு அவருடைய கால்களை நோக்கிப் பாய்ந்தார். பாடி வந்தவரின் இடுப்பெலும்பு அவ்விளைஞரின் உச்சந்தலையில் மோதிற்று. மற்றவர்கள் எழுந்தனர், அவர் எழவில்லை. கண் விழித்திருந்தது, பேச்சும் தெளிவாக இருந்தது. "என் கால் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லையே" என்றார்.

அடுத்து நடந்ததுதான் இன்றும் நம் மனத்தை வருத்துவது. கூட்டம் களத்துக்குள் ஓடிற்று. இருவர் தோளையும் இருவர் காலையும் பிடித்துத் தூக்கினர். தலை பின்னால் தொங்கிற்று. உட்கார வைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தனர். சுளுக்கு என்று எண்ணி ஒருவர் கழுத்தைப் பிடித்து இழுத்துவிட்டார். பின்னர் மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவே இருத்தி மருத்துவமனைக்குக் கொண்டுபோயினர். தோளைப் பிடித்துத் தூக்கியவர்களுள் நாமும் ஒருவராக இருந்தோம். அங்கே ஒருவரிடத்திலும் அன்புக்குக் குறைவில்லை, அறிவுக்குத்தான் குறைவு.

அவர் உயிர் பிழைத்தார். கைகளில் சிறிது அசைவு மீண்டது, கால்கள் மீளவில்லை. அவருடைய தந்தையார் இருந்த நிலத்தில் பாதியை விற்றார். நாம் தூக்கியதனால்தான் அவ்வாறு ஆயிற்று என்று எவரும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. முதல் மோதலிலேயே எல்லாம் முடிந்திருக்கவும் கூடும். ஆயினும், தூக்காமல் இருந்திருந்தால் என்ற எண்ணம் நம்மை விட்டு அகலவில்லை. இன்று இப்பொருளைப் பேச முன்வந்ததற்கு அதுவே காரணம்.

முதுகெலும்பின் அமைப்பு

முதுகெலும்பு என்பது ஒரே எலும்பன்று. கழுத்தில் 7, மார்புப் பின்புறத்தில் 12, இடுப்புக்கு மேலே 5 என முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழே ஒன்றாக இணைந்துபோன சில எலும்புகளும் உண்டு. இவ்வெலும்புகளின் நடுவே உள்ள துளை வழியாக மூளையிலிருந்து தண்டுவடம் இறங்கி வருகிறது. ஏறத்தாழச் சுண்டுவிரல் பருமனே உள்ள இத்தண்டுவடத்தின் வழியாகத்தான் கை கால்களுக்கு ஆணை செல்கிறது. சூடு, குளிர், வலி ஆகிய செய்திகளும் மேலே வருகின்றன.

விவசாயிகளுக்கு இதை எளிதில் விளக்கலாம். ஏரியின் மதகிலிருந்து புறப்படும் தலைவாய்க்காலைப் போன்றது தண்டுவடம். கடைமடைக்கு அருகில் வாய்க்கால் உடைந்தால் கடைசி வயல்கள் மட்டும் காயும். மதகுக்கு அருகிலேயே உடைந்தால் ஆயக்கட்டு முழுவதும் காயும். அவ்வாறே, இடுப்பருகே தண்டுவடம் அறுபட்டால் கால்கள் செயலிழக்கும். கழுத்தில் அறுபட்டால் கைகளும் கால்களும் சேர்ந்து செயலிழக்கும். கழுத்தின் மேற்பகுதியில் அறுபட்டால் மூச்சு விடும் தசையே நின்றுபோகும். சிறுநீரும் மலமும் கழிக்கும் கட்டுப்பாடும் பெரும்பாலும் போய்விடும். உடைந்த வாய்க்காலை மறுபடி வெட்டிக்கொள்ளலாம். அறுபட்ட தண்டுவடத்தை மீண்டும் இணைத்துப் பழையபடி இயங்கச் செய்யும் மருத்துவம் இன்றளவும் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எலும்பு முறிந்த எல்லோருக்கும் தண்டுவடம் அறுந்துவிடுவதில்லை. எலும்பு விலகி நிற்கும். தண்டுவடம் நசுங்கியும் நசுங்காமலும் பிழைத்திருக்கும். அந்நிலையில் கழுத்தை அசைத்தால், விலகிய எலும்பின் விளிம்பே தண்டுவடத்துக்குக் கத்தியாகக் கூடும். ஆகவே, விழுந்த பின் வரும் முதல் சில நிமிடங்கள் மிகவும் அருமையானவை. அந்நிமிடங்களில் அங்கே இருப்பவர்கள் மருத்துவர்கள் அல்லர், நாம்தாம்.

கழுத்து ஏன் முறிகிறது?

நம் கழுத்தெலும்பு நேர்க்கோடாக இல்லை. இயற்கை அதைச் சற்றே வளைவாக அமைத்திருக்கிறது. தலையில் அதிர்ச்சி ஏற்படும்போது அவ்வளைவும் சுற்றியுள்ள தசைகளும் அதை வாங்கிக்கொள்ளும். தலையைக் கொஞ்சம் முன்னே தாழ்த்தியவுடன் அவ்வளைவு மறைந்து, எழு முள்ளெலும்புகளும் உலக்கையைப் போல நேராகிவிடுகின்றன. அந்த நிலையில் உச்சந்தலை தரையிலோ மற்றொருவர் உடம்பிலோ மோதினால், தலை நின்றுவிடுகிறது; பின்னால் வரும் உடம்பின் பளு நிற்பதில்லை. இரண்டுக்கும் இடையில் அகப்பட்டுக் கழுத்து முறிகிறது. கோடைக் காலத்தில் ஆழம் குறைந்த கிணற்றிலும் குளத்திலும் தலைகீழாகக் குதிப்பவர்களுக்கு நேர்வதும் இதுவேயாம்.

ஆகையால் ஆட்டத்தின் வேகத்தைவிடத் தலை தாழ்ந்திருப்பதே பெரிய அபாயம். தலை நிமிர்ந்து, கண் எதிரியைப் பார்த்து, தோளால் பிடிப்பவனுடைய கழுத்துக்கு இத்தகைய ஆபத்து மிகக் குறைவு.

பிற நாடுகள் கற்ற பாடம்

இது விதி, இதற்கு நாம் என்ன செய்ய முடியும் என்று சொல்வோர் உண்டு. விதி என்று ஒதுக்காமல் கணக்கு எடுத்துப் பார்த்த நாடுகள் என்ன கண்டன என்பதைக் கேளுங்கள்.

அமெரிக்க நாட்டில் ஒரு வகைக் கால்பந்தாட்டம் ஆடுகிறார்கள். ஒருவரையொருவர் மோதித் தள்ளும் ஆட்டம் அது. தலைக்குக் கடினமான கவசம் வந்த பிறகு, ஆட்டக்காரர்கள் தலையையே ஆட்டுக்கடாவின் கொம்புபோல் முன்னே நீட்டி மோதலாயினர். கவசம் மண்டையைக் காத்தது, கழுத்தைக் காக்கவில்லை. ஜோசப் டார்க் என்னும் எலும்பு மருத்துவர் 1975ஆம் ஆண்டு முதல் இக்காயங்களைப் பதிவு செய்யத் தொடங்கினார். தலையை முன்னிட்டு மோதுவதே காரணம் என்று விளங்கிற்று. 1976ஆம் ஆண்டு பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் அவ்வாறு மோதுவதை விதியால் தடுத்தனர். அவ்வாண்டு கை கால் நிலையாகச் செயலிழந்தவர் 34 பேர். 1984ஆம் ஆண்டில் அத்தொகை 5 ஆகக் குறைந்தது. ஆட்டம் நின்றுபோகவில்லை, ஆட்டக்காரரின் வீரமும் குன்றவில்லை.

நியூசிலாந்து நாட்டில் ரக்பி ஆட்டம் பெரிதும் போற்றப்படுவது. அங்கே 2001ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு பயிற்சியாளரும் நடுவரும் ஆண்டுதோறும் பாதுகாப்புப் பாடம் பயின்றே தீர வேண்டும் என்று ஏற்பாடு செய்தனர். முந்திய ஆண்டுகளின் கணக்குப்படி 2001 முதல் 2005 வரை ஏறத்தாழ 19 பேருக்கு முதுகெலும்பில் கொடிய காயம் நேர்ந்திருக்க வேண்டும். உண்மையில் நேர்ந்தது 8 பேருக்கே. அங்கே மருந்து எதுவும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆட்டத்தை நடத்துவோர் கற்றுக்கொண்டனர், அவ்வளவே.

பஞ்சாயத்தின் கடமை

நம் ஊரில் ஆட்டத்தை நடத்துவோர் யார்? விழாக் குழுவும், இளைஞர் மன்றமும், அவற்றுக்கு இடமும் அனுமதியும் அளிக்கும் பஞ்சாயத்துமே. ஆகவே கடமையும் நம்முடையதே. பெரும் பணம் தேவையில்லை. சில ஏற்பாடுகள் போதும்.

முதலாவது, களம். நெல் அடிக்கும் களம்போல் இறுகிய தரையில் சடுகுடு ஆடலாகாது. நிலத்தைக் கொத்திக் கல்லும் கண்ணாடித் துண்டும் பொறுக்கி, சலித்த மண்ணும் மணலும் பரப்பி, அளவாகத் தண்ணீர் தெளித்து மெத்தென்று செய்ய வேண்டும். நாற்றங்காலைப் பண்படுத்தத் தெரிந்த நமக்கு இது கடினமன்று. எல்லைக் கோட்டை ஒட்டிக் கம்பமோ, கல்லோ, வண்டியோ, நாற்காலியோ இருக்கக் கூடாது.

இரண்டாவது, இணை. நாற்பது கிலோ எடையுள்ள பள்ளிச் சிறுவனும் எழுபது கிலோ எடையுள்ள காளையும் ஒரே களத்தில் மோதுவது போட்டியன்று. எடை பார்த்தும் வயது பார்த்தும் அணி பிரிக்க வேண்டும். நெல் மூட்டை நிறுக்கும் தராசு எல்லா ஊரிலும் உண்டு.

மூன்றாவது, நடுவர். வாயைப் பொத்திப் பிடிப்பதும், கால்களால் கத்தரிபோல் கவ்வுவதும், காயம் நேரும்படி முரட்டுத்தனமாகப் பிடிப்பதும் ஆட்ட விதிகளிலேயே தடை செய்யப்பட்டவை. தலையை முன்னிட்டுப் பாய்வதையும் நம் ஊர்ப் போட்டிகளில் தடை செய்து, மீறியவரை வெளியேற்றும் அதிகாரத்தை நடுவருக்கு அளிக்க வேண்டும். பரிசு கொடுக்கும் பெரிய மனிதராயினும் நடுவரின் தீர்ப்பில் குறுக்கிடலாகாது. குடித்துவிட்டு வந்தவரையும், கழுத்து வலியுடன் இருப்பவரையும் களத்தில் இறக்கக் கூடாது.

நான்காவது, பயிற்சி. கழுத்துத் தசைகளை வலுப்படுத்தவும், தலை நிமிர்ந்து பிடிக்கவும், தலை அடிபடாமல் விழவும் இளைஞர்களுக்குக் கற்பிக்க வேண்டும். பழைய ஆட்டக்காரர்கள் ஊர்தோறும் இருக்கின்றனர். அவர்களை அழைத்து இப்பணியை ஒப்படைத்தால் மகிழ்ச்சியோடு செய்வார்கள்.

விழுந்தவரைத் தூக்காதீர்கள்

இவ்வளவு செய்தும் ஒருவர் விழுந்துவிட்டால் என்ன செய்வது? இப்பகுதியைச் சற்று ஊன்றிக் கேட்குமாறு வேண்டுகிறோம்.

கழுத்திலோ முதுகிலோ கடும் வலி, கை கால்களில் மரத்துப்போதல், எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சி, அசைக்க முடியாமை, தன்னையறியாமல் சிறுநீர் கழிதல், இவற்றுள் ஒன்று இருந்தாலும் முதுகெலும்பில் காயம் என்றே கொள்ள வேண்டும். தலையில் அடிபட்டு நினைவிழந்தவரையும் அவ்வாறே கருத வேண்டும். கை கால் அசைகிறது என்பதனால் மட்டும் அபாயம் இல்லையென்று முடிவு செய்யலாகாது.

உடனே ஆட்டத்தை நிறுத்துங்கள். கூட்டத்தை விலக்குங்கள். ஒருவர் அவருடைய தலைமாட்டில் மண்டியிட்டு, முழங்கைகளைத் தரையில் ஊன்றி, இரு கைகளாலும் தலையை இரு புறமும் தாங்கி, இருக்கும் நிலையிலேயே அசையாமல் வைத்துக்கொள்ள வேண்டும். இழுக்கவோ திருப்பவோ கூடாது. "அசையாதே தம்பி, நாங்கள் பக்கத்திலேயே இருக்கிறோம்" என்று தைரியம் சொல்லிக்கொண்டிருங்கள். மற்றொருவர் 108 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். 2008ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் இயங்கிவரும் இச்சேவைக்குக் கட்டணம் இல்லை. முதுகெலும்புக் காயம் என்று ஐயுறுவதாகத் தெளிவாகச் சொல்லுங்கள். வண்டி வரும் வழியில் ஒருவரை நிறுத்துங்கள். வெயிலானால் குடையோ துணியோ பிடித்து நிழல் செய்யுங்கள்.

உட்கார வைக்காதீர்கள். தலைக்கு உயரம் வைக்காதீர்கள். குடிக்க ஒன்றும் கொடுக்காதீர்கள். எண்ணெய் தேய்க்காதீர்கள், சுளுக்கு எடுக்காதீர்கள். ஆட்டோவிலோ இரு சக்கர வண்டியிலோ ஏற்றாதீர்கள்.

மூச்சு மட்டும் எல்லாவற்றுக்கும் முந்தியது. மூச்சு திணறினால், தலையைப் பின்னால் சாய்க்காமல் கீழ்த்தாடையை மட்டும் முன்னே உயர்த்தி வழி செய்ய வேண்டும். மூச்சே நின்றுவிட்டால் மார்பை அழுத்தி உயிரூட்டத் தயங்கலாகாது. வாந்தி எடுத்தால், தலையும் தோளும் இடுப்பும் காலும் ஒரே நேரத்தில் திரும்புமாறு, மரக்கட்டையைப் புரட்டுவதுபோல் நான்கு பேர் சேர்ந்து ஒருபுறம் சாய்க்க வேண்டும். தலையைப் பிடித்திருப்பவர் எண்ணிக்கை சொல்ல, மற்றவர் அதன்படி செய்ய வேண்டும். வேறு வழியே இல்லாமல் இடம் மாற்ற நேர்ந்தால் இதே முறையில் அகலமான பலகையிலோ கழற்றிய கதவிலோ ஏற்றி, தலையின் இரு புறமும் சுருட்டிய துணி வைத்து, உடம்பைக் கட்டி எடுத்துச் செல்ல வேண்டும்.

காயம் அடைந்தவரின் வாழ்வு

நடக்க இயலாதவருக்கு வாழ்வே இல்லை என்ற எண்ணத்தையும் நாம் களைய வேண்டும். முன்னாளில் இக்காயம் அடைந்தவர் பலர், காயத்தினால் அல்ல, படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் மாண்டனர். இங்கிலாந்து நாட்டு ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944ஆம் ஆண்டு லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர், இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதைக் கட்டாயமாக்கி அந்நிலையை மாற்றினார். 1948இல் சக்கர நாற்காலியில் இருந்த 16 பேரைக் கொண்டு அவர் நடத்திய வில்வித்தைப் போட்டியே பின்னர் உலக மாற்றுத்திறனாளிகள் ஒலிம்பிக் போட்டியாக வளர்ந்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954ஆம் ஆண்டு மோட்டார் விபத்தில் கால்கள் செயலிழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமாயிருந்தார். கடற்படை அதிகாரி தேர்வின்போது 1975இல் கழுத்தில் காயமுற்றுக் கை கால் செயலிழந்த திரு. எஸ். ராமகிருஷ்ணன், தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடி என்னும் தம் ஊரில் 1981இல் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். ஒரு கிராமத்தில் தொடங்கிய அப்பணியால் பயன்பெற்ற குடும்பங்கள் பல.

ஆகவே நம் ஊரில் அவ்வாறு ஒருவர் இருந்தால், அவர் வீட்டு வாசலில் சாய்தளம் அமைக்கவும், பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் நூலகத்துக்கும் அவர் சக்கர நாற்காலியில் வந்து போகவும் வழி செய்வது நம் கடமை. இயன்முறை மருத்துவத்தை வீடு தேடிக் கொணரும் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் 2021இல் தொடங்கப்பெற்றது. அதன் பயன் அவருக்குக் கிட்டுகிறதா என்று பஞ்சாயத்து உறுப்பினர் கேட்டறிய வேண்டும்.

முடிவாக

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவருமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறோம். பண்படுத்திய களமும், எடை பார்த்த அணியும், அதிகாரம் உள்ள நடுவரும், முதலுதவி பயின்ற நால்வரும், களத்தோரத்தில் ஓர் அகலமான பலகையும் இன்றி நம் ஊரில் போட்டி நடவாது என்பதே அத்தீர்மானம். அந்நால்வருக்குப் பயிற்சி அளிக்குமாறு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைப் பஞ்சாயத்தின் சார்பில் வேண்டிக்கொள்ளலாம்.

விழுந்தவனைக் கண்டால் ஓடிச்சென்று தூக்குவது நம் மக்களின் பண்பு. அப்பண்பு வாழ்க! ஆனால் களத்தில் தலை மோதி விழுந்தவனிடம் மட்டும், ஓடிச்சென்று, தூக்காமல், அவன் தலையை இரு கைகளாலும் தாங்கிக்கொண்டு அருகில் அமருங்கள். அன்று நாம் அதைச் செய்யத் தெரியாதிருந்தோம். இன்று இங்கிருந்து போகும் நீங்கள் தெரிந்துகொண்டு போகிறீர்கள். ஊர் திரும்பியதும் நம் இளைஞர்களுக்கும் அதைச் சொல்லுங்கள்.